அல்சாஸ் திராட்சைக் கிராமங்களை நடந்தே பார்க்க இயலுமா? மதுரையிலிருந்து ஒரு கேள்வி

திருநகர் ஆசிரியர்:

அன்பர்களுக்கு வணக்கம். நான் மதுரை திருநகரில் வசிக்கிறேன்; மேல்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் மகள் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் பணிபுரிகிறாள். வரும் செப்டம்பர் இறுதியில் நானும் என் மனைவியும் அவளிடம் சென்று ஒரு மாதம் தங்கவிருக்கிறோம். பாரிசைக் காட்டுகிறேன் என்கிறாள் மகள். எனக்கோ ரைன் ஆற்றுக்கு மேற்கே, பிரான்சின் அல்சாஸ் பகுதியில், வோஜ் மலையடிவாரத்தில் வரிசையாக அமைந்திருக்கும் பழைய திராட்சைக் கிராமங்களைப் பார்க்க வேண்டும் என்பதே ஆசை. 1871, 1918, 1940, 1945 என்று பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் இடையே நான்கு முறை கொடி மாறிய அந்த மண்ணை இத்தனை காலமும் கரும்பலகையில் எல்லைக்கோடாக வரைந்து காட்டியிருக்கிறேனே தவிர, அங்கே மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று மாணவர்கள் கேட்டபோது சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இருந்ததில்லை.

இதற்கென நான்கு நாட்கள் ஒதுக்க முடியும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குழுச் சுற்றுலாவில் வட இந்தியா சென்றிருந்தோம். ஒரே நாளில் ஐந்து கோட்டைகளைக் காட்டினார்கள். ஒவ்வொன்றிலும் நாற்பது நிமிடம். இன்று எந்தக் கோட்டையின் வாசல் எது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வரலாறு படித்தவனுக்கு இது சிறிய வருத்தம் அன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் கீழக்குயில்குடி சமணர் மலைக்கும் அரிட்டாபட்டிக்கும் போய், ஊர், கண்மாய், பாறை, கல்வெட்டு எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்துப் பழகியவன் நான். அதே வகையில் அங்கும் ஒரு கிராமத்திலிருந்து அடுத்த கிராமத்துக்குத் தோட்டங்களின் வழியே நடந்து போக இயலுமா? மனைவிக்கு மூட்டுவலி உண்டு; சமதளத்தில் நான்கு கிலோமீட்டர் வரை நடப்பாள், படிகள் அதிகம் ஏற முடியாது. அவள் சைவ உணவு மட்டுமே உண்பவள். எங்கள் இருவருக்கும் மதுப் பழக்கம் இல்லை. ஒயினையே பிழைப்பாகக் கொண்ட ஊர்களில் அதைத் தொடாத இருவர் போய் நிற்பது முறையாக இருக்குமா என்பதும் எனக்கு ஒரு தயக்கமாகவே இருக்கிறது. சென்று வந்தவர்களும் அங்கேயே வசிப்பவர்களும் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மேலூர்க்காரர் (இப்போது கோல்மாரில்):

ஐயா, வணக்கம். எனக்குச் சொந்த ஊர் மேலூர். ஒன்பது ஆண்டுகளாகக் கோல்மார் நகரில் வசிக்கிறேன். தங்களுடைய கடைசித் தயக்கத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இந்த ஊர்களில் திராட்சை என்பது முதலில் ஒரு பயிர், பிறகுதான் பானம். தாங்கள் பார்க்கப்போகும் மதில்கள், சித்திர வேலைப்பாடுள்ள மர வீடுகள், தேவாலயங்கள் எல்லாமே பெரும்பாலும் 16-ஆம் நூற்றாண்டில், இங்கிருந்து ஒயின் பீப்பாய்கள் ஸ்ட்ராஸ்பூர் துறைக்குப் போய் ரைன் ஆற்று வழியே வடக்கு நாடுகளுக்கு ஏற்றுமதியான காலத்தில் சேர்ந்த செல்வத்தால் எழுந்தவை. 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போர் அந்தச் செழிப்பை அழித்தது. போரின் முடிவில்தான் பிரான்சு இப்பகுதியில் கால் ஊன்றியது. ஆகவே திராட்சையைப் புரிந்துகொண்டால் இந்த ஊர்களின் வரலாறு பாதி புரிந்துவிடும். அதற்குக் குடிக்க வேண்டிய தேவை இல்லை. நிலவறைக்குள் போய் மரப்பீப்பாய்களைப் பார்த்துவிட்டு, சுவைத்துப் பார்க்க விருப்பமில்லை என்று பணிவாகச் சொன்னால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. பல வீடுகளில் புளிக்காத திராட்சைச் சாறும் விற்கிறார்கள்.

வடக்கே மார்லென்ஹைம் முதல் தெற்கே தான் வரை செல்லும் அல்சாஸ் ஒயின் சாலை 1953-இல் அமைக்கப்பட்டது; நீளம் ஏறத்தாழ 170 கிலோமீட்டர். அதை முழுவதும் பார்க்க வேண்டும் என்று எண்ணாதீர்கள். ரிபோவில்லேயில் இரண்டு இரவும் கோல்மாரில் இரண்டு இரவும் தங்குங்கள். ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஸ்ட்ராஸ்பூருக்கு அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். அங்கிருந்து கோல்மாருக்கு இன்னொரு அரை மணி நேரம்.

முதல் நடைக்கு ரிக்வீர், ஹுனவீர், ரிபோவில்லே என்ற மூன்று ஊர்களைச் சொல்வேன். ரிக்வீரிலிருந்து ஹுனவீர் இரண்டு கிலோமீட்டர் போலத்தான் இருக்கும், அங்கிருந்து ரிபோவில்லே அதைவிடச் சற்றே அதிகம். வழி முழுவதும் தோட்டங்கள்தான். அம்மாவால் இரண்டாவது பாதி இயலாது என்றால் ஹுனவீரில் அன்றைய நடையை நிறுத்திக்கொள்ளலாம். ரிக்வீருக்குக் காலை ஒன்பது மணிக்கு முன்பே போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வந்து, சித்திரைத் திருவிழா அன்று மாசி வீதியில் நிற்பது போல் ஆகிவிடும்.

ரிக்வீரில் தங்கள் குடும்பத்தோடு தொடர்புள்ள செய்தி ஒன்று இருக்கிறது. இன்று தங்கள் மகள் வசிக்கும் ஸ்டுட்கார்ட்டைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட வூர்ட்டம்பெர்க் பிரபுக் குடும்பத்துக்கே 1324 முதல் பிரெஞ்சுப் புரட்சிக் காலம்வரை இந்தச் சிற்றூர் உரியதாக இருந்தது. 1540-இல் அவர்கள் கட்டிய மாளிகை இன்றும் இருக்கிறது. அந்த ஆட்சியினால்தான் ஊர் புராட்டஸ்டன்ட் நெறிக்கு மாறியது. 1291-இல் எழுந்த தோல்தர் காவல் கோபுரம் தெருவின் மேற்கோடியில் நிற்கும். வெளிப்புறம் பகைவருக்கு முகம் காட்டும் வெறுங்கல், ஊரை நோக்கிய உட்புறம் மரச்சட்டம் போட்ட வீட்டு முகப்பு. அந்த இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நான் அரை மணி நேரம் நின்றிருக்கிறேன்.

பழைய வீடுகளின் வாசல் நிலைக்கு மேலே கல்லில் செதுக்கிய குறிகளைத் தேடிப் பாருங்கள். பீப்பாய் செய்தவர் வீட்டில் அவருடைய கருவிகள் இருக்கும். திராட்சை பயிரிட்டவர் வீட்டில், கொடியை வெட்டிச் சீராக்கும் வளைந்த கவாத்துக் கத்தி இருக்கும். ஆண்டும் பொறித்திருப்பார்கள். கல்வெட்டுப் படிக்கும் கண்ணுக்கு அது நல்ல விருந்து.

ஹுனவீரின் தேவாலயம் ஊருக்குச் சற்று மேலே, கொத்தளங்கள் கொண்ட மதிலுக்குள், நான்கு பக்கமும் திராட்சைக்கொடி சூழத் தனியாக நிற்கிறது. பதினான்காம் லூயி காலத்திலிருந்து கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் ஒரே கட்டடத்தைப் பகிர்ந்துகொண்டு முறைவைத்து வழிபடுகிறார்கள். இந்த ஏற்றம் கொஞ்சம்தான், மெதுவாக ஏறலாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: செப்டம்பரிலும் அக்டோபரிலும் அறுவடை நடக்கும். அந்த வாரங்களில் தோட்டத்துப் பாதைகள் பலவற்றை நடப்பவர்களுக்கு மூடி அறிவிப்பு வைத்துவிடுவார்கள். ஊராட்சி அலுவலகத்திலோ சுற்றுலா நிலையத்திலோ எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டு புறப்படுவது நல்லது.

கம்பம் தோட்டத்துக்காரர்:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். காமயகவுண்டன்பட்டிப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கரில் பன்னீர்த் திராட்சை இருக்கிறது. மகன் ஸ்ட்ராஸ்பூரில் படித்த காலத்தில் நானும் இந்தக் கிராமங்களில் பத்து நாள் சுற்றியிருக்கிறேன். ஊர்களைப் பற்றி மேலூர்த் தம்பி சொல்லிவிட்டார். நான் தோட்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் தாங்கள் பெரும்பகுதி நேரம் நடக்கப்போவது அதற்குள்தான்.

நம் பக்கத்துப் பந்தலை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் முதலில் வியப்பாக இருக்கும். நாம் கொடியைத் தலைக்கு மேலே ஏற்றிப் படரவிட்டு, இலை நிழலில் குலையைத் தொங்கவிடுகிறோம். நம் வெயிலில் பழம் வெந்துவிடாமல் இருக்க அது வேண்டும். அவர்கள் இருப்பதோ பூமத்திய ரேகைக்கு வடக்கே 48 பாகையில். அங்கே வெயில் அரிய பொருள். அதனால் தெற்கும் தென்கிழக்கும் பார்த்த சரிவுகளைத் தேர்ந்தெடுத்து, ஆள் உயரத்துக்குக் கம்பி கட்டி, ஒவ்வொரு இலையிலும் ஒளி படும்படி கொடியை நிறுத்தியிருக்கிறார்கள். நாம் ஆண்டுக்கு இரண்டு முறையாவது கவாத்து செய்து இரண்டு வெள்ளாமை எடுக்கிறோம். அங்கே குளிர்காலம் முழுவதும் கொடி உறங்குகிறது. பனி விழும் மாதங்களில் கவாத்து, இலையுதிர்காலத்தில் ஒரே அறுவடை. ஓர் ஆண்டின் உழைப்பு முழுவதும் அந்த மூன்று, நான்கு வாரத்தில் முடிவாகிறது என்பதைத் தாங்கள் போகும் நேரத்தில் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஆனால் அடிப்படை ஒன்றுதான். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையைக் கேரளத்துப் பக்கமே இறக்கிவிடுவதால் நம் பள்ளத்தாக்கு மழை மறைவில் இருக்கிறது. அங்கேயும் மேற்கிலிருந்து வரும் மழையை வோஜ் மலை தடுத்துக்கொள்கிறது. கோல்மார் பிரான்சிலேயே மழை மிகக் குறைந்த நகரங்களில் ஒன்று. ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர்கூடத் தேறாது என்றார்கள். மலையும் மழை மறைவும் சேர்ந்த இடத்தில் திராட்சை இனிக்கிறது. நமக்கு முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் இருப்பதனால் அந்த வறட்சியைத் தாங்குகிறோம்.

இன்னொரு செய்தி. சாம்பல் நோய்க்கும் அடிச்சாம்பல் நோய்க்கும் அவர்களும் நம்மைப் போலவே அஞ்சுகிறார்கள். மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து நாம் தெளிக்கும் போர்டோ கலவைக்கு அந்தப் பெயர் வந்ததே பிரான்சின் போர்டோ திராட்சைப் பகுதியிலிருந்துதான். 1880-களில் அங்கே கண்டறியப்பட்டது. அங்கே ஒரு தோட்டத்துத் தூணில் அந்த நீலக் கறையைப் பார்த்தபோது, மொழி தெரியாத ஊரில் உறவுக்காரரைப் பார்த்தது போல இருந்தது.

கோல்மாரில் உன்டர்லின்டன் அருங்காட்சியகத்துக்கு அரை நாள் வையுங்கள். 1512-க்கும் 1516-க்கும் இடையில் வரையப்பட்ட ஈசன்ஹைம் பலிபீட ஓவியம் அங்கே இருக்கிறது. கம்பில் நாம் தேன் ஒழுகல் நோய் என்கிறோமே, அதே இனத்துப் பூஞ்சணம் பிடித்த தானியத்தைத் தின்று கைகால் கருகிப்போன நோயாளிகளைப் பராமரித்த மடத்துக்காக அதை வரைந்தார்கள். சிலுவையில் இருப்பவர் உடம்பெல்லாம் புண்ணாக வரையப்பட்டிருக்கும். நோயாளிகள் தம் வேதனையை அதில் காண வேண்டும் என்பதற்காக. வேளாண்மை செய்கிற எனக்கு அதன் முன் நிற்க மிகவும் கனமாக இருந்தது.

ஒரு மனக்குறையும் உண்டு. அல்சாசில் 51 சரிவுகளுக்குத் தனித்தனியாகப் பெருந்தோட்டம் என்ற தகுதி கொடுத்து, அந்தச் சரிவின் பெயரையே புட்டியில் அச்சிடுகிறார்கள். ரிக்வீருக்கு மேலே உள்ள ஷோனென்பூர் அப்படி ஒன்று. நம் கம்பம் பன்னீர்த் திராட்சைக்கும் 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, மகிழ்ச்சிதான். ஆனால் எங்கள் தோட்டத்துக்கு என் பாட்டனார் காலத்திலிருந்து ஒரு பெயர் உண்டு. லாரியில் ஏறும்போது அது பழத்தோடு போவதில்லை.

நடக்கும்போது வேலியில்லாத தோட்டம் என்று ஒரு பழத்தைக்கூடப் பறிக்க வேண்டாம். கவாத்துக் கத்தி பொறித்த வாசல் கண்ணில் பட்டால் எனக்காக ஒரு படம் எடுத்து வாருங்கள். நான் போனபோது அப்படி ஒன்று இருப்பது தெரியாமல் கடந்துவந்துவிட்டேன்.

கே.கே.நகர் பயணி:

நான்கு நாட்களை நான்கு ஊர்களில் செலவிடுவது அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. மகளிடம் மகிழுந்து இருக்குமானால் இரண்டே நாளில் பதினைந்து கிராமங்களையும் ஓ-கோனிக்ஸ்பூர் கோட்டையையும் பார்த்துவிடலாம். இவ்வளவு தொலைவு போய்விட்டு அந்தக் கோட்டையை விடுவது சரியில்லை.

மேலூர்க்காரர் (இப்போது கோல்மாரில்):

கோட்டை சிறப்பானது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆயினும் அங்கே உள்ளே படிகள் மிக அதிகம், அம்மாவின் மூட்டுக்கு ஆகாது. மேலும் இன்று தெரியும் கட்டடத்தின் பெரும்பகுதி, அல்சாஸ் ஜெர்மன் வசம் இருந்தபோது 1900-க்கும் 1908-க்கும் இடையில் இரண்டாம் வில்ஹெல்ம் பேரரசர் இடிபாடுகளின் மேல் எழுப்பியது. இந்த மண் ஜெர்மனியுடையது என்று ஊருக்கு அறிவிக்க எழுப்பியது என்றும் சொல்லலாம். ஆசிரியர் ஐயா அதைத் தொலைவிலிருந்து மலையுச்சியில் பார்த்தாலே அந்த நோக்கம் விளங்கும்.

பதினைந்து ஊர்களைப் பார்ப்பதற்குப் பதிலாக, யாரும் நிற்காத பென்வீரில் ஒரு மணி நேரம் நில்லுங்கள் என்பேன். ரிக்வீருக்குப் பக்கத்து ஊர்தான். 1944 டிசம்பரில் நடந்த சண்டையில் ஊரே தரைமட்டமானது. இன்று இருப்பவை போருக்குப் பின் கட்டிய வீடுகள், புதிய தேவாலயத்தில் சுவர் நீளத்துக்கு வண்ணக் கண்ணாடி. சிகோல்சைம் மேட்டில், இந்த ஊர்களை மீட்கப் போரிட்டு இறந்த பிரெஞ்சு வீரர்களும் வட ஆப்பிரிக்க வீரர்களும் துயிலும் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ரிக்வீர் பிழைத்ததும் பென்வீர் அழிந்ததும் சில கிலோமீட்டர் இடைவெளியில் நடந்தன. இரண்டையும் ஒரே நாளில் பார்க்காதவருக்கு ரிக்வீரின் அழகு வெறும் அழகாகவே தங்கிவிடுகிறது.

கோல்மாரில் தங்கும் இரண்டு நாட்களில் ஒன்றை எகிஷைமுக்கும் மற்றதைக் கைசர்ஸ்பெர்குக்கும் கொடுக்கலாம். எகிஷைம் மதுரைக்காரர் கட்டாயம் பார்க்க வேண்டிய ஊர். நடுவே உள்ள கோட்டையைச் சுற்றி, நம் ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி போல, தெருக்கள் வளையம் வளையமாக விரிகின்றன. நம்முடையவை சதுரம், அவர்களுடையவை வட்டம். கைசர்ஸ்பெர்க், 1875-இல் ஆல்பர்ட் சுவைட்சர் பிறந்த ஊர். ஆப்பிரிக்காவில் மருத்துவமனை நடத்தி அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற அவர், நம் திருக்குறளை ஐரோப்பியருக்கு உயர்வாக எடுத்துரைத்தவர்களில் ஒருவர் என்பது தங்களுக்குத் தெரிந்ததே. அவருடைய பிறந்த வீட்டை ஒட்டி நினைவகம் இருக்கிறது.

விசாவைப் பற்றி ஒரு சொல்: தாங்கள் அதிக நாட்கள் தங்கப்போவது ஜெர்மனியில் என்பதால் ஜெர்மன் விசாவுக்கே விண்ணப்பிக்க வேண்டும். அதே ஷெங்கன் விசாவில் பிரான்சுக்கும் வரலாம், தனியாக ஒன்றும் தேவையில்லை.

அண்ணா நகர் வாசகி:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். என் அம்மாவுக்கு வயது 68, தீவிர சைவம். அவரோடு இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே ஊர்களுக்குச் சென்றோம். தங்கள் மனைவியார் பொருட்டுச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

உணவில் மிகவும் எச்சரிக்கை வேண்டும். ஓர் உணவகத்தில் காய்கறிச் சூப் என்று கேட்டு வாங்கினோம். அம்மா பாதி அருந்திய பிறகுதான் அது இறைச்சி வேகவைத்த நீரில் செய்தது என்று தெரிந்தது. அவர் அன்று முழுவதும் எதையும் உண்ணவில்லை. அம்மா வருந்தியதைவிட, நான் சரியாகக் கேட்காமல் விட்டேனே என்று எனக்குத்தான் இன்றுவரை வருத்தம். ஆகவே சூப்பு, குழம்பு வகைகளைக் குறிப்பாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 'ஸான் வியாந்து' என்றால் இறைச்சி இல்லாமல், 'ஸான் புவாசோன்' என்றால் மீன் இல்லாமல். அந்தப் பகுதியின் சிறப்பான ஃபிளம்மக்கூக்க என்பது மெல்லிய அப்பத்தின் மேல் பாலாடையும் வெங்காயமும் பரப்பி அடுப்பில் சுட்டெடுப்பது; வழக்கமாகப் பன்றி இறைச்சித் துண்டுகளையும் தூவுவார்கள். 'ஸான் லார்தோன்' என்று சொன்னால் அது இல்லாமல் செய்து தருவார்கள், காளான் போட்டும் கிடைக்கும். ஷ்பெட்சில என்ற மாவு உணவில் முட்டை இருக்கும். புகழ்பெற்ற மன்ஸ்டர் பாலாடைக்கட்டியை உறையவைக்கக் கன்றின் இரைப்பைச் சத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்பதால் அம்மா அதையும் தவிர்த்தார். நாங்கள் சமையலறையோடு கூடிய வாடகை வீட்டில் தங்கியதால் பிழைத்தோம். அரிசி, பருப்புப் பொடி, ஊறுகாய் இருந்தால் இரவுக் கவலை இல்லை.

மது அருந்தாதவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் கலங்கலான, இனிப்பான ஒரு புதுப் பானத்தைத் தெருவோரம் குடுவையில் வைத்து விற்பார்கள். பார்க்கத் திராட்சைச் சாறு போலவே இருக்கும். ஆனால் அது புளிக்கத் தொடங்கிய ஒயின். சாறுதான் வேண்டும் என்றால் 'ஜூ து ரெசான்' என்று தெளிவாகக் கேளுங்கள்.

அம்மாவுக்குத் தோட்டத்துப் பாதையில் மூட்டு வலிக்கவில்லை. ஊருக்குள் இருக்கும் கல் பாவிய தெருக்களில்தான் வலித்தது. தடித்த அடிப்பாகம் உள்ள காலணியும் ஒரு கைத்தடியும் அவசியம். ஞாயிற்றுக்கிழமை வட்டாரப் பேருந்துகள் மிகவும் குறைவு. அன்றைக்கு வேறு ஊருக்குப் போகும் திட்டம் வைத்துக்கொள்ளாமல், தங்கியிருக்கும் ஊரிலேயே நடப்பது நல்லது. பகல் உணவு பன்னிரண்டிலிருந்து இரண்டு மணி வரைதான். தவறவிட்டால் மாலை வரை அடுப்பு எரியாது.

கூரைகளை நிமிர்ந்து பாருங்கள். தேவாலயக் கோபுரங்களின் மேல் கட்டில் அகலத்துக்குச் சுள்ளிக் கூடுகள் இருக்கும். நம் கூடல் மாநகரில் குளிரில் நின்ற புலவர் தூது விட்டாரே, அதே செங்கால் நாரைகளின் கூடுகள். 1970-களில் அல்சாஸ் முழுவதும் பத்து இணைகூட மிஞ்சாத நிலை வந்து, ஹுனவீரில் 1976-இல் ஒரு காப்பகம் தொடங்கி வளர்த்தெடுத்திருக்கிறார்கள்; இன்று பல நூறு இணைகள் உள்ளன. சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் வேட்டங்குடிக் கண்மாய்ப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்று சொன்னபோது, அந்தக் காப்பகத்தில் இருந்த பெண்மணி ஊர்ப் பெயரை எழுதி வாங்கிக்கொண்டார். செப்டம்பர் இறுதியில் பெரும்பாலான நாரைகள் தெற்கே பறந்திருக்கும்; காப்பகத்தில் சிலவற்றைப் பார்க்கலாம்.

திருநகர் ஆசிரியர்:

அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. எல்லாவற்றையும் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். கே.கே.நகர் அன்பரின் அக்கறையை மதிக்கிறேன். ஆயினும் குறைந்த ஊர்கள் போதும் என்றே இருவரும் முடிவு செய்தோம். ரிபோவில்லேயில் சமையலறையுள்ள வீட்டை இரண்டு இரவுக்கு மகள் பார்த்துவிட்டாள். முதல் நாள் காலைப் பேருந்தில் ரிக்வீர் சென்று, பாதை திறந்திருந்தால் ஹுனவீர் வரை நடந்து, அங்கே காப்பகத்தில் மனைவி நாரைகளைப் பார்க்கும் நேரத்தில் நான் அந்த இரு சபையாரின் தேவாலயத்துக்கு ஏறி வருவேன். இரண்டாம் நாள் பென்வீரும் சிகோல்சைமும். பிறகு கோல்மார், எகிஷைம், கைசர்ஸ்பெர்க். எகிஷைமின் வட்டத் தெருக்களை அளந்து வரைந்து, எங்கள் பழைய பள்ளியின் வரலாற்று வகுப்புக்கு மாசி வீதிப் படத்தோடு சேர்த்துக் கொடுக்க எண்ணியிருக்கிறேன்.

கம்பத்து ஐயா, கவாத்துக் கத்தி பொறித்த வாசலைத் தேடுவது என் பொறுப்பு. கிடைத்ததும் ஆண்டு தெரியும்படி படமெடுத்து இங்கேயே போடுகிறேன். தங்கள் பாட்டனார் வைத்த தோட்டத்தின் பெயர் என்ன என்று தாங்கள் சொல்லவில்லையே?

கம்பம் தோட்டத்துக்காரர்:

ஊற்றுப்பாறைத் தோட்டம், ஐயா. கிணற்றுக்குள் இன்றும் அந்தப் பாறை இருக்கிறது. திரும்பி வந்ததும் ஒரு நாள் கம்பத்துக்கு வாருங்கள்.